இரண்டு மஞ்சள்

பாறைச்சள்ளை குடிநீர்க் கமிட்டிக்கு
எண்பத்திமூன்று இணைப்பு,
ஒரு தொட்டி, ஒரு மோட்டார், ஒரு ஆபரேட்டர்.
அது நான்தான்.
விடிகாலை ஐந்தேகாலுக்கு ஸ்விட்சைத் தட்டுவேன்.
குழாயில் முதலில் காற்றுதான் வரும்,
தூங்கி எழுந்தவன் தொண்டையைச் செருமுவதுபோல.

புகார்ப் புத்தகம் முழுக்க ஒரே புகார்:
மருந்து வாசம்.
வேலாத்தாள் வீட்டுக் காப்பி கெட்டது.
மாகாளி கடையில் பால் திரிந்ததற்கும்
பிளீச்சிங் பவுடர்தான் காரணமாம்.
போர் தண்ணீரைப் பற்றி மட்டும்
யாரும் ஒரு வரி எழுதியதில்லை.
கற்கண்டு என்பார்கள்.
கோயமுத்தூரில் வாக்கப்பட்ட பெண்கள்
வந்து திரும்பும்போது கேனில் பிடித்துப்போவார்கள்.
நானே மூடியைத் திருகிக் கொடுத்திருக்கிறேன்,
பெருமையாக.

மாசியில், ரசீதில் அது கும்பம்,
பாலக்காட்டிலிருந்து ஷெறின் என்றொரு பெண் வந்தாள்.
ஜீப்பின் பின்கதவைத் தாழ்த்தி மேசையாக்கினாள்.
இரண்டு கண்ணாடிக் குழல்.
ஒன்றில் தொட்டித் தண்ணீர், சில சொட்டு மருந்து.
மெல்ல மஞ்சளானது.
"நல்லது சேச்சி, குளோரின் இருக்கு."
மற்றதில் போர் தண்ணீர்.
விட்ட சிவப்பு
பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறி
மஞ்சளானது.
"நல்லது" என்றேன் நான்.
அவள் பேனாவை மூடினாள்.

அறிக்கை மலையாளத்தில் வந்தது.
எண்ணைப் படிக்க மொழி எதற்கு?
கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன்:
ஃபுளோரைடு இரண்டு புள்ளி நாலு.
ஒன்றரைக்கு மேல் ஆகாது.
"இரண்டு புள்ளி நாலு என்ன? மூட்டையா?"
கிட்டுச்சாமி கேட்டார். சிரிப்பு.
"மில்லிகிராம். ஒரு லிட்டருக்கு."
"மில்லிகிராமா!"
இன்னும் பெரிய சிரிப்பு.

அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறந்து
நான் பார்த்தது அன்றைக்குத்தான்.
போர் போடுவதற்கு முன் பிறந்தவர்களுக்கு
வெற்றிலைக் கறை, பீடிக் கறை.
அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு
ஒவ்வொரு பல்லிலும் குறுக்கே
பழுப்புக் கோடு,
அளவுகோல் வைத்து இழுத்ததுபோல்.
கடைசி பெஞ்சில் என் மகள் சௌபர்ணிகா.
அவளும் சிரித்தாள், வாயைக் கையால் பொத்தி.
மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான் சிரிப்பாள்.
வெட்கம் என்று நினைத்திருந்தேன்.
நல்ல பழக்கம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

வாய்க்கால் ஓரத்துத் திறந்த கிணற்றில்
ஃபுளோரைடு அரைக்குக் கொஞ்சம் மேல்தான்.
ஆனால் கிருமி உண்டு,
தவளை உண்டு, தென்னங்குரும்பை உண்டு.
ஷெறின் போனில் கணக்குச் சொன்னாள்:
போர் ஒரு பங்கு, கிணறு இரண்டு பங்கு,
மருந்து மட்டும் முன்னைவிடக் கூடுதல்.
இப்போது இரண்டு வால்வு எனக்கு.
ராத்திரியே பக்கெட்டில் பவுடரைக் கரைத்துவைத்து
தெளிந்ததை மட்டும் ஊற்றுகிறேன்.
சோறு பிசையும்போதும் விரலில் அந்த வாசம்.
புகார்ப் புத்தகம் தீர்ந்து
இரண்டாவது வாங்கியாயிற்று.
முதல் பக்கத்திலேயே வேலாத்தாள்:
"பழைய தண்ணியே போதும்."
கீழே பதினேழு கையெழுத்து.
பதினேழு பேரின் பல்லும் எனக்குத் தெரியும்.

கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிறு விட்டுப் பார்க்கிறேன்.
இன்றைக்குப் பதினோரு முடிச்சு நனைந்தது.
சித்திரையில் நாலு நனைந்தால் அதிசயம்.
அப்போது பங்கு என்ன என்று கேட்டதற்கு
ஷெறின் பக்கம் கொஞ்ச நேரம்
ஜீப் ஓடும் சத்தம் மட்டும்.

வெயில் ஏறுமுன் தொட்டிமேல் நின்று
குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறேன்.
மஞ்சள்.
எந்தக் குழல் என்று
ஒட்டியிருந்த சீட்டை
இன்னொரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.